சடை நிற்க வேண்டும், தலை வலிக்கக் கூடாது

சடை அவிழாமல் நிற்க வேண்டுமென்றால் வலிக்க வலிக்க இழுத்துப் பின்ன வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை "வலிக்குதும்மா" என்றால், "ஆடாம உட்காரு" என்பதுதான் பதில். ஆனால் சடை அவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. சிக்கு முழுதாக எடுத்திருக்க மாட்டோம். மூன்று காலும் ஒரே பருமனில் பிரிந்திருக்காது. அடியை ஒழுங்காகக் கட்டியிருக்க மாட்டோம். பின்னைத் தவறான பக்கம் குத்தியிருப்போம். இந்த நான்கையும் சரிசெய்துவிட்டால், வலிக்காமல் பின்னிய சடை சாயங்காலம் வரை அப்படியே இருக்கும்.

தூளி கட்டுகிறவர் சேலையை எவ்வளவு இறுக்கலாம் என்று யோசிப்பதில்லை. உத்தரம் தாங்குமா என்றுதான் பார்ப்பார். சடைக்கு உத்தரம் பிடரிக்கு மேலே போடும் அடிக்கட்டு. எடையை அதுதான் தாங்க வேண்டும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இருக்கிற மெல்லிய முடி தாங்கக் கூடாது. அன்றாடச் சடை, பள்ளிக்கு மடித்துக் கட்டும் இரட்டைச் சடை, பூ வைத்த சடை, பரதநாட்டியத்துக்குச் சவுரியும் குஞ்சலமும் வைத்த சடை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பின்னத் தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை:

- சிக்கை நுனியிலிருந்து எடுங்கள். கடைசி நாலு விரல் நீளத்தை முதலில் சீவி, அது வழுவழுவென்று வந்தபின் கொஞ்சம் மேலே போங்கள். சீவும் இடத்துக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேர் வரை போகாது.
- முதலில் அகன்ற பல் சீப்பு, பிறகு நெருக்கமான பல் சீப்பு என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டை முடிக்கு அகன்ற பல் சீப்பே போதும். லேசான ஈரத்தில் கொஞ்சம் கண்டிஷனரோ எண்ணெயோ தடவி விரலால் பிரித்துவிட்டுச் சீவினால் முடி அறாது.
- தலைக்குக் குளித்த மறுநாள் விசேஷச் சடை பின்னுவது நல்லது. ஷாம்பு போட்டு அன்றே காய்ந்த முடி வழுக்கும், பின் நிற்காது. அன்றே பின்னியாக வேண்டுமென்றால் உள்ளங்கையில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் தேய்த்து முடியின் மேல் தடவி, ஒருமுறை சீவிவிட்டுத் தொடங்குங்கள்.
- பின், ரிப்பன், ரப்பர் பேண்ட், சீப்பு எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள். பாதிச் சடையைப் பிடித்துக்கொண்டு பின்னைத் தேடினால்தான் அடி தளர்ந்துபோகிறது.

செய்யக்கூடாதவை:

- ஈரத் தலையில் இறுக்கிப் பின்னாதீர்கள். நனைந்த முடி அதிகம் நீண்டு கொடுக்கும், சீக்கிரம் அறும். காயும்போது அது சுருங்குவதால், ஈரத்தில் சரியாக இருந்த சடை ஒரு மணி நேரத்தில் இழுக்கத் தொடங்கும். அடித்தலை நாள் முழுதும் ஈரமாகவே இருந்தால் பொடுகும் நாற்றமும் சேரும். அவசரமென்றால் நுனியை மட்டும் தளர்வாகப் பின்னி, முழுதும் காய்ந்தபின் அவிழ்த்துப் புதிதாகப் பின்னுங்கள்.
- முடியில் எண்ணெய் வழிய வழியப் பின்னாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறிப் பாதுகாக்கக் கூடியதுதான். ஆனால் மேலே நிற்கும் அதிகப்படி எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பின்னை வழுக்கிவிடும். எண்ணெயை முந்தின இரவே வைத்துவிடுங்கள்.
- நாள் தவறாமல் ஒரே இடத்தில் வகிடு எடுக்காதீர்கள். அந்தக் கோட்டில் வெயிலும் சீப்பும் பட்டுப் பட்டு வகிடு அகன்றுபோகும். நேர் வகிடு, கோணல் வகிடு, வகிடே இல்லாமல் பின்னால் வாருவது என மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

பின்னும்போது

செய்ய வேண்டியவை:

- மூன்று காலையும் ஒரே பருமனில் பிரியுங்கள். ஒரு கால் மெலிந்திருந்தால் சடை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். நுனிக்கு வரும்போது அந்தக் கால் மட்டும் குட்டையாக நின்று முதலில் நழுவும். பின்னுகிற வழியிலேயே, தடித்த காலிலிருந்து கொஞ்சம் எடுத்து மெலிந்ததில் சேர்த்துக்கொள்ளலாம்.
- முதல் மூன்று பின்னலைத் தலையோடு ஒட்டி, கையைப் பிடரிக்கு மிக அருகில் வைத்துப் போடுங்கள். உறுதி வேண்டியது அங்கேதான். அதற்குக் கீழே கை கொஞ்சம் இளகலாம்.
- பின்னிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் தலை நிமிர்ந்திருக்கட்டும். குனிந்த தலையில் பின்னிய சடை, நிமிர்ந்ததும் பிடரியில் தொளதொளவென்று தொங்கும். அண்ணாந்த தலையில் பின்னினால் குனியும்போது இழுக்கும்.
- முடி படிப்படியாக வெட்டப்பட்டு, குட்டை முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உச்சியிலிருந்தே சிறிது சிறிதாக முடியைச் சேர்த்துக்கொண்டு வரும் பிரெஞ்சுப் பின்னல் போடுங்கள். எடை தலை முழுதும் பரவுவதால் அடிக்கட்டு இல்லாமலே நிற்கும்.
- முடி நீளமாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் நாலுகால், ஐந்துகால் பின்னல் முயலலாம். சடை அகலமாக, தட்டையாக அமையும். பூவும் நகையும் அதன்மேல் நன்றாகப் படியும்.

செய்யக்கூடாதவை:

- நெற்றியோரத்துப் பூனை முடியையும் விடாமல் வாரி இழுக்காதீர்கள். அது சடையைத் தாங்கப் பிறந்த முடி அல்ல. படிய வைக்க வேண்டுமென்றால் விரல் நுனியில் தண்ணீரோ கற்றாழை ஜெல்லோ தொட்டுத் தடவினால் போதும்.
- காகிதக் கட்டுக்கும் பார்சலுக்கும் போடும் வெற்று ரப்பர் பேண்டைத் தலையில் போடாதீர்கள். அது முடியோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது கற்றையாக அறுத்துக்கொண்டு வரும். துணி சுற்றிய பேண்டு பயன்படுத்துங்கள். சிக்கிக்கொண்ட ரப்பரை இழுக்காமல், கத்தரியால் ரப்பரை மட்டும் வெட்டி எடுங்கள்.
- நுனியை முடிச்சுப் போட்டு நிறுத்தாதீர்கள். முடிச்சு விழும் இடத்தில்தான் முடி பிளந்து உடையும். நுனியில் நாலு விரல் அளவு விட்டு பேண்டு போட்டால் போதும்.

பின் குத்துவது எப்படி

பின் நழுவுவது பின்னின் குற்றமல்ல, குத்தும் முறையின் குற்றம். சாதாரண கறுப்பு ஹேர்பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு கால் நேராக இருக்கும், மற்றது நெளிநெளியாக இருக்கும். நம்மில் பலர் நெளியை வெளியே தெரியும்படி குத்துகிறோம். நெளி தலைப் பக்கம் இருக்க வேண்டும். அந்த வளைவுகள்தாம் அடிமுடியைப் பிடித்துக்கொள்கின்றன.

செய்ய வேண்டியவை:

- பின்னை முடி போகும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் நுழைத்து, சில இழைகளை வாங்கிக்கொண்டு, அப்படியே திருப்பித் தலையோடு படுக்க வைத்துத் தள்ளுங்கள். நேராகச் செருகிய பின் வந்த வழியே வெளியேறும். திருப்பிச் செருகியது பூட்டிக்கொள்ளும்.
- பாரம் தாங்கும் இடத்தில் இரண்டு பின்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போடுங்கள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.
- கொண்டை, சவுரி, பூச்சரம் போன்ற பருமனான பொருளுக்கு யு வடிவப் பின் எடுங்கள். இறுக்கிப் பிடிக்கும் ஹேர்பின் அங்கே விரிந்து வலுவிழந்துவிடும்.

செய்யக்கூடாதவை:

- நுனியில் உருண்டை போன பின்னைப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கூர்முனை தலையைக் கீறும். கண்டதுமே குப்பையில் போடுங்கள்.
- பல்லால் பின்னை விரிக்காதீர்கள். பல்லும் தேயும், பின்னும் தளர்ந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் விரித்தால் போதும்.
- ஒரு பின் நிற்கவில்லை என்று அதே இடத்தில் ஐந்து குத்தாதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டை ஒழுங்காகக் குத்துங்கள்.

பள்ளிக்கு இரட்டைச் சடை

செய்ய வேண்டியவை:

- நடு வகிட்டைச் சீப்பின் வால் நுனியால் நெற்றியிலிருந்து பிடரி வரை நேராக இழுங்கள். பின்பக்கம் வகிடு கோணினால் ஒரு சடை பெருத்து, மற்றது சிறுத்து, பாரம் ஒரு பக்கமே விழும்.
- ரிப்பனைக் கடைசியில் கட்டாமல் சடையோடு பின்னுங்கள். பாதி நீளம் பின்னியதும் ரிப்பனை நடுவில் மடித்துச் சடைக்கு அடியில் வைத்து, அதன் இரு பக்கத்தையும் இரண்டு காலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே வாருங்கள். நுனியில் ஒரு சுற்று சுற்றி முடிச்சிட்டு, சடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னே அடியைச் சுற்றிக் கட்டிப் பூப்போல முடியுங்கள். விளையாட்டு வகுப்பில் ஓடினாலும் இந்த ரிப்பன் தனியாகக் கழன்று விழாது.
- காதுக்குப் பின்னும் பிடரியிலும் வாரம் ஒருமுறை பேன் பாருங்கள். பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். பின்னிக் கட்டிய தலையில் அந்த வாய்ப்பு குறைவு. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஒருமுறை மருந்து வைத்ததோடு விடாமல், பேன் சீப்பையும் ஈர்கோலியையும் அடுத்த இரண்டு வாரமும் எடுங்கள்.

செய்யக்கூடாதவை:

- பள்ளி விட்டு வந்தபின்னும் மடித்த சடையை அப்படியே விடாதீர்கள். வந்ததும் அவிழ்த்து, விரலால் கோதி, ஒற்றைச் சடையாகத் தளரப் பின்னிவிடுங்கள்.
- ரிப்பன், நாடாவோடு சின்னக் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.
- இதை அம்மாவின் வேலை என்று ஒதுக்காதீர்கள். அப்பாவும் அண்ணனும் நாலு நாள் பழகினால் வந்துவிடும். பத்து வயதுப் பெண் தன் சடையைத் தானே முன்னால் போட்டுப் பின்னக் கற்றுக்கொள்ளலாம்.

பூ வைக்கும்போது

செய்ய வேண்டியவை:

- மல்லிகையை மொட்டாக வாங்குங்கள். மதியம் மொட்டாக இருப்பது சாயங்காலம் விரியும். வைக்கும் வரை ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி வையுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு. வாடக் கூடுதல் நேரம் எடுக்கும். நீண்ட விசேஷத்துக்கு ஏற்றது.
- பின்னைப் பூவின் மேல் குத்தாமல், சரத்தைக் கட்டியிருக்கும் நாரின் மேல் குறுக்காகக் குத்துங்கள். சரத்தின் இரண்டு முனையும் சடையின் அடியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும், நடுப்பகுதி தொங்கலாம்.
- பூச்சடை தைக்கும்போது பூவை வாழை மட்டையிலோ அட்டையிலோ தைத்து, அதைச் சடையின் மேல் வைத்துப் பின்பக்கமாக நூலால் கட்டுங்கள். எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

செய்யக்கூடாதவை:

- மெல்லிய முடிக்கு நாலைந்து முழம் பூவை அள்ளி வைக்காதீர்கள். நிறைய வைக்க ஆசையென்றால் சவுரி சேர்த்து அடியைப் பலப்படுத்திவிட்டு வையுங்கள். கனகாம்பரம் எடை குறைந்தது. நிறத்துக்கும் நிறம் கிடைக்கும்.
- பூவோடு படுக்காதீர்கள். வாடிய பூவின் ஈரம் முடியில் இறங்கும், எறும்பும் வரும்.

ஆட்டத்துக்குச் சவுரிச் சடை

சலங்கை பூஜை, அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று வீட்டிலேயே தலை அலங்காரம் செய்பவர்கள் அதிகம் திணறும் இடம் இது. சவுரி, குஞ்சலம், ராக்கொடி, பூ என்று எல்லாப் பாரமும் ஒரே சடையில் ஏறுகிறது. அதோடு குத்து அடவும் சுற்றும் குதியும் சேர்கின்றன. அடி சரியில்லையென்றால் பாதி ஆட்டத்தில் சவுரி கையோடு வரும்.

செய்ய வேண்டியவை:

- முதலில் சொந்த முடியைப் பிடரிக்குச் சற்று மேலே துணி பேண்டால் குதிரைவால் போலக் கட்டுங்கள். சவுரியின் தலைப்பில் இருக்கும் கயிற்றை அந்த பேண்டின் அடியில் நுழைத்துச் சுற்றிக் கட்டி, மேல், கீழ், இடம், வலம் என நாலு புறமும் குறுக்குப் பின் போடுங்கள். பின்கள் பேண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
- பிறகு சொந்த முடியை மூன்றாகப் பிரித்துச் சவுரியின் மூன்று காலோடும் கலந்து பின்னுங்கள். தனியாகத் தொங்கும் சவுரி ஆடும். கலந்து பின்னியது ஆடாது.
- குஞ்சலத்தின் கயிறுகளைச் சடையின் கடைசி மூன்றில் ஒரு பங்கு வரும்போதே உள்ளே சேர்த்துப் பின்னுங்கள். நுனியில் மட்டும் கட்டிய குஞ்சலம் முதல் சுற்றிலேயே பறந்துபோகும்.
- ராக்கொடியை அடிக்கட்டுக்கு மேலே வைத்து, அதன் வளையங்களில் பின் போட்டுப் பூட்டுங்கள். சுற்றிலும் பூ வைத்தால் பின் தெரியாது.
- சடையை ஒட்டியாணத்துக்குள் செருகும் முன், தாடை மார்பில் படும்படி பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள். அந்த நிலையிலும் சடை இழுக்காத அளவு தளர்வு விட்டுத்தான் செருக வேண்டும். பிறகு அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்து, பத்துத் தடவை குதித்து, இரு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைவது அங்கேயே தெரிந்துவிடும்.
- நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே முழு அலங்காரத்தோடு ஒருமுறை ஆடவிட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை:

- ராக்கொடியும் பின்னுமாக ஹெல்மெட் போடவோ கார் சீட்டில் தலை சாய்க்கவோ விடாதீர்கள். பின் தலையில் இறங்கும். வீட்டில் சடை வரை பின்னிக்கொண்டு, நகையை மண்டபத்தில் மாட்டுங்கள்.
- இரவல் சவுரியைக் கழுவாமல் வைக்காதீர்கள். ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, நுனியிலிருந்து சீவி எடுங்கள். செயற்கை இழைச் சவுரியில் சூடான இஸ்திரிக் கருவி எதையும் வைக்கக் கூடாது, உருகிவிடும்.
- ஹேர் ஸ்பிரே அடித்த கையோடு குத்துவிளக்கின் பக்கம் போகவிடாதீர்கள். ஸ்பிரே தீப்பிடிக்கக் கூடியது. விளக்கேற்றக் குனியும்போது சடையும் பூவும் முன்னால் விழும்; இன்னொருவர் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் வெளியிலும்

கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், பட்டறை இயந்திரம் எதன் பக்கம் போனாலும் தொங்கும் சடையை அப்படியே விடாதீர்கள். சுருட்டிக் கொண்டையாகப் போட்டுவிடுங்கள். அடுப்பின் முன் நிற்கும்போதும் அப்படியே. இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது நீண்ட சடையைத் துப்பட்டாவோடு சேர்த்து உடைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் நேரும் விபத்து சிறியதல்ல. ஹெல்மெட் போடுபவர்கள் சடையைப் பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னுங்கள். உச்சியில் கட்டினால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது.

அவிழ்க்கும்போது

செய்ய வேண்டியவை:

- நகை, பூ, பின், குஞ்சலம், சவுரி என்ற வரிசையில் எடுங்கள். குத்திய பின்களின் எண்ணிக்கையை நினைவில் வைத்திருந்து, அத்தனையும் வந்ததா என்று பாருங்கள்.
- நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னலைப் பிரியுங்கள். பிரித்ததும் சீப்பை எடுக்காமல் விரல் நுனியால் அடித்தலையை மெல்லத் தேய்த்துவிடுங்கள்.
- ஸ்பிரே அடித்த முடியில் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, சிக்கெடுத்து, பிறகு அலசுங்கள். அன்றிரவு தளர்வான ஒற்றைச் சடை போதும்.

செய்யக்கூடாதவை:

- களைப்பில், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பின்னோடும் சவுரியோடும் தூங்கவிடாதீர்கள்.
- கையில் வந்த முடியைப் பார்த்துப் பதறாதீர்கள். யாருக்கும் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. பின்னிய தலையில் அது சிக்கி நின்று, அவிழ்க்கும்போது மொத்தமாக வரும்.

எச்சரிக்கைகளைக் கவனியுங்கள்

கிரீன்லாந்தில் முடியை இழுத்துக் கட்டும் பெண்களுக்கு முடி கொட்டி வழுக்கை விழுவதை டிரெபிட்ச் என்பவர் 1907-இலேயே பதிவு செய்தார். இழுவையால் வரும் இந்த முடி உதிர்வுக்கு மருத்துவர்கள் டிராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி, அந்த இடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும்.

இவற்றில் எதைக் கண்டாலும் பின்னும் முறையை மாற்றுங்கள்:

- பின்னி முடித்ததும் புருவம் மேலே ஏறியது போலத் தோன்றுவது, தலைவலி வருவது.
- வேர்க்கால்களில் சிறு சிறு கொப்புளம் அல்லது சிவப்பு.
- காதோரத்திலும் நெற்றியோரத்திலும் முடி மெலிவது, ஒடிந்த குட்டை முடி நிற்பது.
- வகிடு மாதத்துக்கு மாதம் அகன்று தெரிவது.

சில வாரம் தளர்த்திப் பின்னியும் மாற்றமில்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். இந்த உதிர்வில் சீக்கிரம் போவதுதான் முடியைக் காப்பாற்றும்.

பிள்ளை "வலிக்குது" என்று சொல்வது அடம் அல்ல. தலையில் எங்கே பாரம் தவறாக விழுகிறது என்று அவளால் மட்டுமே சொல்ல முடியும். நாளைக் காலையில் பின்னி முடித்ததும் "எங்கே இழுக்குது?" என்று நீங்களே கேளுங்கள். அவள் கைவைக்கும் இடத்தில் சீப்பின் வாலை நுழைத்து முடியைக் கொஞ்சம் இளக்கிவிடுங்கள். சடை அவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் அடியில் இன்னொரு குறுக்குப் பின் போடுங்கள்.